நாற்பத்தொரு குருணை

என் மனைவியின் முதுகெலும்பை நான் முதன்முதலாகப் பார்த்தது, அறுவைச் சிகிச்சை முடிந்த எட்டாம் நாள், என் ஸ்டூடியோவின் ஒளிப்பெட்டியின் மேல்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தைப் பழுப்பு உறையில் போட்டுக் கொடுப்பார்கள். மற்றவர்கள் அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, தலையை ஆட்டிவிட்டு, அலமாரி மேல் போட்டுவிடுவார்கள். எனக்கு அது முடியவில்லை. பழைய நெகட்டிவ்களில் கீறலும் பூஞ்சையும் நீக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது என் தொழில். இருபத்தாறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கறுப்பு வெள்ளைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு படம் கைக்கு வந்தால் அதன் மேல் லென்ஸை வைத்து மூலைக்கு மூலை போய்வந்தால்தான் எனக்கு நிம்மதி.

படத்தில் நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு எலும்புகளை அவை சேர்த்துப் பிடித்திருந்தன. கம்பிகளின் இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று பொடிப்பொடியாக ஒரு கூட்டம். அதுதான் செயற்கை எலும்பு. நடுவில் குவிந்து கிடந்ததை எண்ண முடியாது. ஓரத்தில் தனித்தனியாகத் தெரிந்தவற்றை எண்ணினேன். இடப்பக்கம் பத்தொன்பது, வலப்பக்கம் இருபத்திரண்டு. நாற்பத்தொன்று என்று உறையின் பின்புறம் பென்சிலால் எழுதி வைத்தேன்.

ஏன் எண்ணினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். பத்தொன்பது வருடமாகப் பதினேழாம் எண் தடம். கூட்டத்தையும் ஹாரனையும் சண்டையையும் நாள் முழுக்கச் சுமந்துவிட்டு, அதே உற்சாகத்தோடு வீட்டுக்குள் நுழைகிறவள். சமையலறையில் அவள் பேசுவது மாடி வீட்டுக்கும் கேட்கும். நான் அதற்கு நேர் எதிர். அவளுடைய டிப்போவில் எனக்குச் சாமியார் என்று பெயர். பெயர் வைத்தவள் அவள்தான்.

ஒருநாள் மதியம் சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். இடது கால் மரத்திருப்பது பழகிப்போன விஷயம். அன்றைக்கு வலது காலும் மரத்துவிட்டது. "பிரேக் மேல வெச்சிருக்கேனா, வானத்துல வெச்சிருக்கேனான்னே தெரியலீங்க" என்று பிறகு என்னிடம் சொன்னாள். வண்டியை ஓரங்கட்டி, பயணிகளை இறக்கிவிட்டு, டிப்போவுக்கு அவளே போன் செய்து வேறு ஓட்டுநரை வரவழைத்தாள். மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் வழுக்கி முன்னால் வந்து நரம்பை நசுக்குகிறது என்றது ஸ்கேன்.

அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவளுடைய கவலை வேறு. டிப்போவில் ஒரு விதி இருந்தது. முதுகில் கத்தி வைத்த ஓட்டுநர் எட்டு மாதத்துக்குள் டாக்டர் சான்றிதழோடு ஓட்டுத் தேர்வில் தேறவேண்டும். இல்லாவிட்டால் நிரந்தரமாக மேசை வேலை.

"சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரணும்னா எனக்கு டிப்போ எதுக்கு? உங்க எதிர்ல உக்காந்தா போதாதா?" என்றாள்.

முதுகெலும்பு டாக்டர் மெலிந்த மனிதர். மேசை மேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை வைத்திருந்தார். பேசும்போது அதன் வாலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பார்.

"இந்த ரெண்டு எலும்பும் ஒண்ணா ஒட்டணும். ஸ்க்ரூவும் கம்பியும் சும்மா பிடிச்சுக்கத்தான். நெஜமா ஒட்டறது எலும்புதான். அதுக்கு நடுவுல எலும்பு போடணும். முன்னெல்லாம் இடுப்புலேருந்து வெட்டி எடுப்போம்."

"இடுப்புலேருந்து முதுகுக்கா? அப்புறம் இடுப்புக்கு எங்கேருந்து எடுப்பீங்க டாக்டர்?"

"அந்தச் சண்டையே வேண்டாம்னுதான் இது" என்று சொல்லி, மூடியிட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியை மேசையில் வைத்தார். உள்ளே வெள்ளையாகக் கொஞ்சம்.

அவள் குலுக்கிப் பார்த்தாள். "குருணை மாதிரி இருக்கே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் குருணை என்றே பெயர்.

"எலும்புல இருக்கற அதே சுண்ணாம்புச் சத்துதாம்மா. சூளையில வெச்சுச் சுட்டுச் செய்யறது. ஆபரேஷன்ல உங்க எலும்பு கொஞ்சம் வெட்டி எடுப்போம் இல்லையா, அதைப் பொடி பண்ணி, இதோட கலந்து, உங்க ரத்தத்துலயே ஊறவெச்சு ரெண்டு பக்கமும் பரப்பிடுவோம்."

"மாட்டு எலும்பு, கீட்டு எலும்பு இல்லையே?"

"மாடும் இல்ல, மனுஷனும் இல்ல. ஃபேக்டரி."

"அப்ப வாரண்டி உண்டா?"

"உங்க உடம்பு வேலை செஞ்சா உண்டு."

நான் சட்டைப் பையிலிருந்த லென்ஸை எடுத்துக் குப்பியின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குருணையிலும் ரொட்டித் துண்டில் இருப்பதுபோலக் கண்கண்ணாக ஓட்டைகள். ஓட்டைக்குள் ஓட்டை. இத்தனை ஓட்டையாக இருக்கும் ஒன்று, பேருந்து ஓட்டும் முதுகை எப்படித் தாங்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

"சாருக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர்.

தலையாட்டினேன், இல்லை என்று.

"அவர் வருஷத்துக்கு நாலு கேள்விதான் கேப்பார் டாக்டர். இந்த வருஷத்துக்கு முடிஞ்சிருச்சு" என்றாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் நடந்தாள். ஐந்தாம் நாள் நர்ஸுகளுக்குள் இருந்த ஒரு பழைய சண்டையைத் தீர்த்துவைத்தாள். எட்டாம் நாள் எடுத்த படத்தைத்தான் நான் ஒளிப்பெட்டியில் வைத்து எண்ணினேன்.

மூன்றாம் மாதப் படம் வந்தது. அதையும் பெட்டியில் வைத்தேன். இருபத்தேழு.

மறுபடி எண்ணினேன். லென்ஸை மாற்றி எண்ணினேன். இருபத்தேழுதான். டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்து, "நல்லாப் போய்க்கிட்டிருக்கு" என்று சொல்லியிருந்தார். டாக்டர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதினான்கு குருணை எங்கே போயிற்று என்று அவரிடம் கேட்டிருக்கலாம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது கேள்வி தொண்டைவரை வந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மறுபடி கீழே இறங்கிவிட்டது.

ஆறாம் மாதப் படம் எடுத்த அன்று டாக்டர் ஊரில் இல்லை. பத்து நாள் கழித்துப் பார்க்கச் சொன்னார்கள். படம் மட்டும் என் கையில் இருந்தது. ஸ்டூடியோவின் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியின் விளக்கைப் போட்டேன்.

பதினொன்று.

அந்தப் பதினொன்றும் முன்போல் கூர்மையாக இல்லை. மழையில் நனைந்த சர்க்கரை மாதிரி ஓரம் கரைந்து நின்றன. அவற்றைச் சுற்றி, முன்பு கறுப்பாக இருந்த இடமெல்லாம் பால் சிந்தியதுபோல் ஒரு மூட்டம். அது எனக்குப் பழக்கமான மூட்டம். ஃபிலிமைக் கழுவும்போது ஹைப்போ என்ற மருந்தில் போதிய நேரம் ஊறவிடாவிட்டால் இப்படித்தான் அங்கங்கே பால் படியும். 'ஹைப்போ பத்தலை' என்போம். அந்த மூட்டத்தைக் கணக்கில் எடுக்காமல், அதற்குப் பின்னால் இருக்கும் படத்தைப் பார்க்கத்தான் என் கண் பழகியிருக்கிறது. அப்படிப் பார்த்தால், பின்னால் ஒன்றுமே இல்லை. குருணை போய்விட்டது. கம்பியும் ஸ்க்ரூவும் மட்டும் தனியாக அவள் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தன. அவை சும்மா பிடித்துக்கொள்ளத்தான் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

படத்தை உறையில் போட்டு, உறையைப் பழைய ஆல்பங்களுக்கு அடியில் வைத்தேன். ஓட்டுத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதை விட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்து. அதற்குள் எட்டு மாதக் கெடு முடிந்துவிடும்.

வீட்டில் நான் என்னென்னவோ செய்ய ஆரம்பித்தேன். தண்ணீர் வாளியை அவள் தொடுமுன் தூக்கினேன். நாற்காலியில் தலையணை வைத்தேன். கடைக்குப் போனால் பை இரண்டும் என் கையில். அவள் குனிந்து செருப்பை எடுக்கப் போனால் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன்.

"என்னங்க இது, புதுசா கல்யாணம் ஆன மாதிரி?" என்றாள்.

"அப்போகூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டார்மா. ஏதோ தப்பு பண்ணியிருக்கார்" என்றாள் மகள். அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். வாய் அம்மாவுடையது. "அப்பா, என்ன உடைச்சீங்க? சொல்லிடுங்க. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

நான் அவள் தட்டிலும் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வைத்தேன்.

இதற்கு நடுவில் பதினேழாம் எண்ணின் கண்டக்டர் ஒருநாள் வந்தான். நிறுத்தம் வரும் முன்பே விசில் ஊதிவிடுகிற அவசரக்காரன் என்பதால் எல்லாருக்கும் அவன் விசில்தான்.

"அக்கா, புது வண்டி வந்திருக்கு. சீட்டு அப்படியே மெத்தை மாதிரி. உங்களுக்குத்தான்னு ஒருத்தனையும் உக்காரவிடாம காவல் காக்கறேன். உங்க இடத்துக்கு வந்தவன் ஓட்டறதைப் பார்த்தா, வண்டி போற மாதிரியே இல்ல, வண்டி யோசிக்கற மாதிரி இருக்கு."

"இன்னும் மூணு வாரம்டா. வந்துடறேன்." அவள் வலது காலை முன்னால் நீட்டி, இல்லாத பிரேக்கை மெல்ல மிதித்துக் காட்டினாள். "இப்பல்லாம் கட்டைவிரல் வரைக்கும் தெரியுது."

நான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். ஒரு குலுக்கல், ஒரு பள்ளம், ஒரு திடீர் பிரேக். கம்பி எவ்வளவு நாள் தாங்கும்? வளைந்தால் மறுபடி கத்தி. அதைவிட ஜன்னலோரமாக ஒரு மேசை எவ்வளவோ மேல். இப்படி நான் எனக்குள்ளேயே வழக்கு நடத்தி எனக்குள்ளேயே தீர்ப்பும் எழுதினேன். மறுநாள் டிப்போவுக்குப் போனேன்.

டிப்போ மேலாளர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு மௌனம் ஆகாது. எதிரில் இருப்பவர் இரண்டு நொடி பேசாமல் இருந்தால், அவருடைய பங்கையும் சேர்த்து இவரே பேசிவிடுவார்.

"வாங்க சாமியாரே. அதிசயமா இருக்கு. உக்காருங்க. அவங்க எப்படி இருக்காங்க?"

"இருக்கா. முதுகு... ஒருவேளை முடியலேன்னா... ஜன்னல் ஓரமா ஒரு இடம்..."

அவ்வளவுதான் நான் சொன்னது. மிச்சத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"புரியுது, புரியுது. அவங்களே வந்து கேக்கக் கூச்சம். அதான் உங்களை அனுப்பியிருக்காங்க. இல்லையா?"

நான் மேசை மேலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல கூச்சப்பட என்ன இருக்கு? பத்தொன்பது வருஷம் உழைச்சவங்க. நேர அட்டவணை அறையில ஜன்னல் ஓரமா மேசை காலியா இருக்கு. நல்ல வெளிச்சம். அப்ப ஓட்டுத் தேர்வுல அவங்க பேரை எடுத்துட்டு வேற ஆளுக்குக் குடுத்துடலாம். சரிதானே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தேர்வுப் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அவளுக்கு இது தெரியாது, டாக்டரே இன்னும் பார்க்கவில்லை என்று. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே. அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். என் கையும் குலுங்கியது.

ஐந்தாம் நாள் மாலை, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது விசில் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, இது என்னக்கா?"

போனை நீட்டினான். டிப்போ அறிவிப்புப் பலகையின் படம். அவள் பெயருக்கு எதிரே, 'சொந்த விருப்பத்தின் பேரில் நேர அட்டவணைப் பிரிவு' என்று இருந்தது. கீழே, தேர்வுப் பட்டியலில் அவள் இடத்தில் வேறொரு பெயர்.

"சொந்த விருப்பமா? யாரோட சொந்த விருப்பம்?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரர் வந்து கேட்டாருன்னு மேலாளர் சொல்றார். நான் நம்பல. அண்ணன் எங்கேயாவது போய் ஏதாவது கேக்கற ஆளான்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பா, பக்கெட் தூக்கினதெல்லாம் இதுக்குத்தானா?" என்றாள் மகள். ஆனால் அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை.

என் மனைவி போனைத் திருப்பிக் கொடுத்தாள். டீயைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றபிறகு வீட்டில் ஒரு ஓசையும் இல்லை. மௌனம் எனக்கு இதமான இடம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் மணி நேரம்கூட என்னால் தாங்க முடியவில்லை.

"ஸ்டூடியோ வரைக்கும் வா" என்றேன்.

தெரு முனையில்தான் ஸ்டூடியோ. அவள் முன்னால் நடந்தாள், கைப்பையைக்கூட என்னிடம் தரவில்லை. ஆல்பங்களுக்கு அடியிலிருந்து மூன்று உறைகளையும் எடுத்து, மூன்று படங்களையும் ஒளிப்பெட்டியில் வரிசையாக வைத்தேன். லென்ஸை அவளிடம் கொடுத்தேன்.

"மொதல்ல நாப்பத்தொண்ணு. அப்புறம் இருபத்தேழு. இப்ப பதினொண்ணு" என்றேன்.

"என்ன பதினொண்ணு?"

"குருணை."

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "எண்ணினீங்களா?"

"ம்."

"என் முதுகுல இருக்கற குருணையை ஒவ்வொண்ணா எண்ணினீங்களா?"

"ஓரத்துல இருக்கறதை மட்டும்."

அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அது கரையும்ங்க. கரையணும். டாக்டர் வார்டுல வந்து அரை மணி நேரம் சொன்னாரே. எலும்பு மேல ஏறி வர்றதுக்குச் சாரம் கட்டற மாதிரி அது. ஓட்டை வழியா எலும்பு உள்ள போகும், உடம்பு குருணையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும், அந்த எடத்துல நம்ம எலும்பு வந்துடும்னார்."

"எப்ப சொன்னார்?"

"நாலாம் நாள். நீங்க ஆரஞ்சு வாங்கப் போயிருந்தீங்க."

"நீ சொல்லலையே."

"நீங்க கேக்கலையே. ஆறு மாசமா மனுஷன் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கார்னு எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

எனக்கும் சிரிப்பு வந்திருக்கவேண்டும். ஆனால் என் விரல் மூன்றாவது படத்தின் மேல் நின்றது.

"கரையட்டும். கரைஞ்ச எடத்துல எலும்பு வந்திருக்கணும் இல்லையா? எங்கே? இது வெறும் மூட்டம். சரியாக் கழுவாத படம். இதுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல."

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பெட்டியின் வெளிச்சம் அவள் மோவாயில் விழுந்தது. இப்போது அவளும் சிரிக்கவில்லை.

"இதை மட்டும் அன்னைக்கே சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா பயந்திருக்கலாம்" என்றாள். "நீங்க மட்டும் தனியா பயந்து, எனக்கும் சேத்து முடிவெடுத்துட்டீங்க."

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஊர் திரும்பினார். அந்த இரண்டு நாளும் வீட்டில் நான்தான் அதிகம் பேசினேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

டாக்டர் மூன்று படங்களையும் சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டியில் மாட்டினார். மூன்றாவதன் முன்னால் நின்றார். பிளாஸ்டிக் முதுகெலும்பின் வாலை ஆட்டவில்லை.

"டாக்டர், இந்தப் படம் சரியாக் கழுவலை" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம். "ஹைப்போ பத்தலை. இந்தப் பால் மூட்டம் இல்லாம வேற படம் எடுத்தாத்தான் உள்ள இருக்கறது தெரியும்."

அவர் திரும்பினார். "கழுவறதா? இதை எங்க சார் கழுவறாங்க? கம்ப்யூட்டர்லேருந்து மெஷின் அச்சடிச்சுத் தள்ளுது. தண்ணியும் கிடையாது, ஹைப்போவும் கிடையாது."

"அப்ப இந்த மூட்டம்?"

"மூட்டமா?" அவர் என் தோளைப் பிடித்துப் படத்தருகே இழுத்தார். "இதான் சார் எலும்பு. புது எலும்பு. மொதல்ல மேகம் மாதிரிதான் வரும், அப்புறம்தான் இறுகும். நீங்க எதை விட்டுட்டுப் பார்த்தீங்களோ அதுதான் விஷயமே."

என் மனைவி நாற்காலியில் சாய்ந்தாள். "இருபத்தாறு வருஷ அனுபவம் டாக்டர்" என்றாள். "சும்மா ஒரு ஆள் பார்த்திருந்தா இப்படித் தப்பு வந்திருக்காது."

"ஆனா இது மட்டும் போதாது" என்றார் அவர். "ஒட்டிடுச்சான்னு கண்ணால பார்த்துடலாம். முன்னால குனிஞ்சு ஒரு படம், பின்னால வளைஞ்சு ஒரு படம், ரெண்டும் பக்கவாட்டுல. ஒட்டலேன்னா குனியும்போது நாலாவது எலும்பு அஞ்சாவது எலும்பு மேல நகரும். ஒட்டியிருந்தா நகராது. நகர்ந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன், அதையும் சொல்லிடறேன்."

அரை மணி நேரத்தில் படங்கள் வந்தன. டாக்டர் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பிடித்துப் பொருத்தப் பார்த்தார். படங்கள் வழுக்கின. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கின.

"குடுங்க" என்றேன்.

இரண்டு நெகட்டிவ்களை மயிரிழை பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்று பொருத்துவது எனக்குத் தினப்படி வேலை. படங்களைச் சுவர்ப் பெட்டியில் சாய்த்து, ஐந்தாம் எலும்பின் கீழ் விளிம்பை ஐந்தாம் எலும்பின் கீழ் விளிம்போடு சேர்த்தேன். பின்மூலையைப் பின்மூலையோடு சேர்த்தேன். ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன்.

மேலே மூன்றாம் எலும்பு இரண்டாகத் தெரிந்தது, குனிந்த நிழல் ஒன்று, நிமிர்ந்த நிழல் ஒன்று. அது கம்பி போடாத எலும்பு, நகரத்தான் செய்யும். அதன் கீழே நான்காம் எலும்பு. அதன் விளிம்பைத் தேடினேன். ஒரே கோடு. லென்ஸை எடுத்து வைத்தேன். முன்மூலை, பின்மூலை, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு எல்லாம் ஒரே கோடு. குனிந்தாலும் வளைந்தாலும் நான்கும் ஐந்தும் ஒரே எலும்பு.

"என்னங்க?" என்றாள் பின்னாலிருந்து. "ஏதாவது சொல்லுங்க. உசுரை வாங்காதீங்க."

"நகரலை" என்றேன். அவள் பக்கம் திரும்பினேன். மறுபடி சொன்னேன். "நகரவே இல்ல."

டாக்டர் எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். "முழுசா இறுக இன்னும் ஆறு மாசம் ஆகும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை வண்டியை விட்டு இறங்கி நடக்கணும். பாரம் தூக்கக் கூடாது. மத்தபடி ஓட்டலாம்." எழுதி முடித்துவிட்டு, "சார், வேலை வேணும்னா சொல்லுங்க. படம் பொருத்த ஒரு ஆள் தேவைதான். பார்த்துச் சொல்ற வேலை மட்டும் வேண்டாம்" என்றார்.

நேராக டிப்போவுக்குப் போனோம். மேலாளர் அறை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"நான் வரமாட்டேன். நீங்க மூட்டினது, நீங்களே போய் அணைங்க."

உள்ளே போனேன்.

"வாங்க, வாங்க. மேசையைப் பார்க்க வந்தீங்களா? ஜன்னலுக்குத் திரை போடச் சொல்லியிருக்கேன். மதிய வெயில் நேரா அடிக்குதுன்னு அவங்க கவலைப்படறாங்களோ? புரியுது, அதுக்கு..."

"நிறுத்துங்க" என்றேன்.

என் வாழ்க்கையில் ஒரு மனிதனை நடுவில் மறித்துப் பேசியது அதுதான் முதல்தடவை. அவரும் திகைத்தார், நானும் திகைத்தேன். திகைப்பு தெளிவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டேன். அவள் என்னை அனுப்பவில்லை என்று சொன்னேன். நானாக வந்தேன், நானாகப் பயந்தேன், நீங்களாகப் பேசினீர்கள், நான் மறுக்காமல் நின்றேன், அதுதான் தப்பு என்றேன். குருணை என்றால் என்ன, ஓட்டை எதற்கு, ஏன் கரைய வேண்டும், நான் எலும்பை எப்படி மூட்டம் என்று நினைத்தேன், நான்கும் ஐந்தும் எப்படி ஒரே கோடாக நின்றன, எல்லாம் சொன்னேன். சான்றிதழை மேசையில் வைத்தேன். மேலாளர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும், "இருங்க, இன்னும் முடிக்கல" என்றேன். வாசலில் கண்டக்டர்களும் மெக்கானிக்குகளும் கூடிவிட்டார்கள். "சாமியார் பேசறார்டா" என்று யாரோ பட்டறைக்குள் இருந்த ஆட்களையும் கூப்பிடுவது கேட்டது.

மேலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் பெயரைப் பட்டியலில் திருப்பி எழுதினார்.

தேர்வு நாளன்று, டிப்போவின் பின்முற்றத்தில் அந்தப் புது வண்டி நின்றது. பாரத்துக்காக ஆட்களை ஏற்றவேண்டும் என்றார் தேர்வாளர். மெக்கானிக்குகள் ஏறினார்கள். மகள் கல்லூரிக்குப் போகாமல் ஏறினாள். விசில் படிக்கட்டில் தொற்றிக்கொண்டான். நான் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் அவள் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

சரிவில் ஏறினாள். கோடு தாண்டாமல் பின்னால் எடுத்தாள். வளைவுகளில் வண்டி எண்ணெயில் போவதுபோல் போனது. கடைசியாகத் தேர்வாளர் சொன்னார்: "நேரா வேகமாப் போங்க. நான் கையைத் தட்டினதும் முழு பிரேக்."

முற்றத்தின் நீளம் முழுக்க வண்டி பாய்ந்தது. கை தட்டும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வண்டி ஊன்றி நின்றது மட்டும் தெரிந்தது. மெக்கானிக்குகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். விசில் ஊதாமலே அவன் வாயிலிருந்த விசில் கத்தியது. என் மூக்கு முன் இருக்கையின் கம்பியில் மோதியது.

தேர்வாளர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார், "முதுகு எப்படிம்மா இருக்கு?"

"என்னோடது கல்லு மாதிரி இருக்கு சார்" என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடி. "மூணாவது வரிசையில ஒருத்தர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டிருக்கார், அவரைக் கேளுங்க."

தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். தேர்வு முடிந்துவிட்டது, வண்டியை நிறுத்தலாம் என்றார். அவள் நிறுத்தவில்லை.

"இன்னும் ஒரு சுத்து சார். எஞ்சின் இப்பத்தான் சூடாயிருக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தேன்.

"ரெண்டு சுத்தாப் போகட்டும்" என்றேன்.

யாரும் இறங்கவில்லை. வண்டி மறுபடி நகர்ந்தது.